கடலோர நிழற்குடைச் சுவரில் மொசைக் சித்திரம்: உப்பு பூத்த சுவர், ஓடு, ஒட்டு பற்றி ஆலோசனை தேவை

தொண்டிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே உள்ள ஓர் ஊரில், பயணியர் நிழற்குடையின் பின்சுவருக்கு மொசைக் சித்திரம் போடும் வேலை வந்திருக்கிறது. ஊராட்சி கொஞ்சம் பணம் தரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இரண்டு கொத்தனார்களும் கூட இருப்பார்கள்.

சுவர் விவரம்: 9 அங்குலச் செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, மேலே எமல்ஷன் பெயிண்ட். நீளம் 4.8 மீட்டர். 45 செ.மீ. உயரத்தில் சிமெண்ட் திண்ணை, அதற்கு மேல் 1.2 மீட்டர் உயரத்துக்குச் சித்திரம் வர வேண்டும். வாசல் கிழக்கே கடலைப் பார்த்தது, காலை வெயில் நேராக உள்ளே விழும். கடல் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தரையிலிருந்து ஒன்றரை அடி வரை பூச்சு பொரிந்து வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது.

கேள்விகள்: சுவரிலேயே நேராக ஒட்டலாமா, வலையில் ஒட்டிக் கொண்டுவந்து பதிப்பதா? ராமநாதபுரம் டைல்ஸ் கடைகளில் உடைந்த சுவர் ஓடு இலவசமாகக் கிடைக்கிறது, போதுமா? பாம்பன் பாலம், வத்தை (மீன்பிடிப் படகு), பனை என்று வரைய நினைக்கிறோம். கடற்கரையில் கிடக்கும் சிப்பி, பவளக்கல் துண்டு சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று ஊரில் சொல்கிறார்கள். அதுவும் சரிவருமா?

காறைப்பூச்சு:

ஓட்டைப் பற்றிப் பேசும் முன் சுவரைப் பார்த்துவிடுவோம். இந்தக் கரையில் மொசைக்கைக் கெடுப்பது முன்னால் அடிக்கும் மழையைவிட, பின்னால் ஏறும் உப்புதான். தரையில் உள்ள உப்புநீரைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. நீர் சுவரின் மேற்பரப்பில் காய்கிறது, உப்பு அங்கேயே படிகமாகித் தங்குகிறது. படிகம் வளரும்போது பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. பொரிந்து உதிர்வது அதனால்தான்.

இதன் மேல் கண்ணாடி ஓட்டையோ மெருகேற்றிய ஓட்டையோ ஒட்டினால், நீர் வெளியேற ஓட்டு இடைவெளி மட்டுமே வழி. ஆகவே உப்பு முழுக்க அந்த இடைவெளியை நிரப்பும் க்ரௌட்டில் வந்து சேரும். முதலில் க்ரௌட் மாவாக உதிரும், அடுத்த மழைக்காலத்துக்குள் ஓடு ஒவ்வொன்றாகக் கழன்று வரும். எந்த உயர்ந்த பசை வாங்கினாலும் இதே கதிதான். பசை பிடித்துக்கொண்டே இருக்கும், அது பிடித்திருக்கும் பூச்சு போய்விடும்.

இரண்டு சோதனை செய்யுங்கள். வெள்ளைப் பொடியைச் சுரண்டி ஒரு துளி வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, அது அவ்வளவு கவலையில்லை. நுரைக்காமல், வெறும் தண்ணீரிலேயே கரைந்துபோனால் ஏறிவரும் உப்பு. அடுத்து, சித்திரம் வர வேண்டிய உயரத்தில் 45 செ.மீ. சதுரத்துக்கு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால், அல்லது அந்த இடம் கறுத்திருந்தால், அங்கே வரை ஈரம் ஏறியிருக்கிறது. கரணையின் பிடியால் சுவர் முழுக்கத் தட்டி, பொள்ளல் சத்தம் வரும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

உப்புதான் என்றால், பொரிந்த கோட்டுக்கு மேல் இன்னும் 50 செ.மீ. வரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுக்க வேண்டும். கொத்திய காறையை அன்றன்றே தூரமாகக் கொட்டுங்கள். சுவரடியில் கிடந்தால் அந்த உப்பு மறுபடி சுவருக்குள்ளேயே போகும். இணைப்புக் கலவையை 1 செ.மீ. ஆழம் நோண்டி, இரும்பு பிரஷ் இல்லாமல் நைலான் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு வாரமாவது காயவிடுங்கள். கைவசம் பணம் இருந்தால் தரைக்கு அருகில் உள்ள கலவை வரியில் 12 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை, 21 செ.மீ. ஆழம் போட்டு, நீரைத் தள்ளும் சிலேன் கிரீம் செலுத்தலாம். உங்கள் நீளத்துக்குச் சுமார் 40 துளை வரும். ஈரம் ஏறுவதை இது நன்றாகக் குறைக்கும்.

மறுபூச்சு 1:4, சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நாலு பங்கு. எம்-சாண்டை அலசிப் போடுங்கள், கடற்கரை மணல் கூடவே கூடாது. கலவைத் தண்ணீருக்கு ஊர்க் கிணற்றை நம்ப வேண்டாம், குடிநீர்க் குழாய்த் தண்ணீரையே பிடியுங்கள். ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிப்படி கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. நம் கரையோரக் கிணறு பலவும் அதைத் தாண்டும். பூச்சை 7 நாள் நனைத்து, 28 நாள் கழித்தே ஓட்டு வேலை.

திண்ணைக்குக் கீழே உள்ள பகுதியில் மட்டும் சிமெண்டோ பெயிண்டோ வேண்டாம். சுண்ணாம்புக் காறை பூசிச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். சுவர் அந்த வழியாக மூச்சு விடும், உப்பு அங்கே பூத்து உதிரும். சில வருடத்துக்கு ஒருமுறை அந்த ஒன்றரை அடியை மட்டும் புதுப்பித்தால் மேலே உள்ள சித்திரம் தப்பிக்கும்.

சில்லுச்சித்திரம்:

காறைப்பூச்சு அண்ணன் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஓட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

இலவசமாகக் கிடைக்கும் சுவர் ஓடு வேண்டாம். அதன் உடல் மண்போல நுண்துளை உள்ளது, எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். முழு ஓடாகச் சமையலறையில் இருக்கும்போது மெருகு அதைக் காக்கிறது. நாம் உடைக்கும்போது நாலு பக்கமும் திறந்துவிடுகிறோம். உப்புக்காற்று அந்த விளிம்பு வழியாக உள்ளே போய் மெருகைச் செதிலாகக் கழற்றும். அதே கடைகளில், கண்ணாடிபோல இறுகச் சுட்ட விட்ரிஃபைடு தரை ஓட்டின் வெட்டுத்துண்டு கேளுங்கள். அது 0.5 சதவீதம்கூடக் குடிக்காது. சந்தேகம் இருந்தால் உடைந்த விளிம்பில் ஒரு துளி நீல மை விட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். கறை நின்றால் அந்த ஓட்டை ஒதுக்கிவிடுங்கள்.

விட்ரிஃபைடில் பளிச்சென்ற நீலம், சிவப்பு, மஞ்சள் கிடைப்பது அரிது. அந்த இடங்களுக்கு மட்டும் நீச்சல் குளத்துக்குப் போடும் 20 மி.மீ. கண்ணாடி மொசைக் வாங்குங்கள். ஒரு தாள் 32.7 செ.மீ. சதுரம், 225 துண்டு இருக்கும். தடிப்பு 4 மி.மீ. தரை ஓடு 8 மி.மீ. என்பதால் கண்ணாடி பள்ளத்தில் போய் உட்காரும். அதற்குக் கீழே முதல் நாளே 4 மி.மீ. பசை ஏற்றிக் காயவிட்டு, மறுநாள் ஒட்டினால் மட்டம் சரியாக வரும். கண்ணாடிக்கு வெள்ளைப் பசை மட்டுமே. சாம்பல் பசை நிறத்தை மங்கடிக்கும், பல்கரணை (பசை தடவும் பல் வைத்த கரணை) இழுத்த வரிகூட வெளியே தெரியும்.

நிலைக்கண்ணாடித் துண்டு கண்டிப்பாக வேண்டாம். பின்பக்க வெள்ளிப்பூச்சை உப்பு அரித்து ஓரத்திலிருந்து கறுப்பு ஏறும்.

பவளக்கல்லைத் தொடவே வேண்டாம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய செத்த பவளம் என்று சொல்லித் தப்ப முடியாது. சிப்பி, சங்கு வகைகளிலும் பல அந்தச் சட்டப் பட்டியலில் உண்டு. எது உண்டு எது இல்லை என்று பிள்ளைகளால் பிரிக்க முடியாது. மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒரு பொதுச்சுவரில் அதைப் பதிப்பது பிள்ளைகளுக்குத் தவறான பாடமும்கூட. பவளத்தைக் காட்ட வேண்டுமா, வெள்ளை, ரோஜா நிற ஓட்டைக் கிளை கிளையாக வெட்டிப் பதியுங்கள். அதுவே அழகாக இருக்கும்.

இனி வரைபடம். இந்தச் சுவரை இரண்டு வகை ஆட்கள் பார்க்கிறார்கள். பஸ்ஸில் போகிறவர் பத்து மீட்டருக்கு அப்பால் இருந்து இரண்டு மூன்று விநாடி பார்ப்பார். திண்ணையில் உட்கார்ந்து எழுபவர் ஒரு முழத் தொலைவில், பஸ் வரும்வரை பார்ப்பார். நல்ல கண் பத்து மீட்டரில் சுமார் 3 மி.மீ. வரைதான் பிரித்தறியும். ஆகவே 3 மி.மீ. இடைவெளி அந்தத் தூரத்தில் மறைந்து ஓடுகள் ஒன்றாகத் தெரியும். தூரத்துக்கு ஒரு பெரிய உருவம், கிட்டத்துக்கு அதன் வயிற்றுக்குள் சின்ன விவரம் என்று இரண்டு அடுக்காக வரையுங்கள். பெரிய வத்தையின் உருவம் தூரத்துக்கு. அதன் பக்கப் பலகையில் நண்டு, கணவாய், சூடை எல்லாம் கிட்டத்துக்கு. ஆவுளியா (கடற்பசு) வரைய ஆசை இருந்தால் அதைத்தான் பெரிதாக வையுங்கள், பாக் நீரிணைக்கு அதைவிடப் பொருத்தமான உருவம் இல்லை. தூரத்தில் தெரிய வேண்டிய எந்தக் கோடும் இரண்டு துண்டு அகலத்துக்குக் குறையக் கூடாது.

கடலும் நீலம், வானமும் நீலம் என்று பதித்தால் காலை வெயிலில் எல்லாம் ஒரே கூசலாகத் தெரியும். நிறத்தைவிட வெளிச்ச–இருள் வேறுபாடுதான் சித்திரத்தைத் தூக்கி நிறுத்தும். ஓடுகளைத் தரையில் பரப்பி போனில் கறுப்பு–வெள்ளைப் படம் எடுங்கள். அதில் பிரிந்து தெரியாத இரண்டு ஓடுகளைப் பக்கம் பக்கம் வைக்காதீர்கள். எட்டிலிருந்து பத்து நிறம் போதும், ஐந்து படி வெளிச்சத்தில்.

துண்டுகள் ஓடும் திசை முக்கியம். உருவத்தை ஒட்டி அதன் விளிம்போடு ஒரு வரி, அதற்கு வெளியே இன்னொரு வரி சுற்றிவிட்டுப் பிறகு பின்புலத்தைத் தொடங்குங்கள். ரோமானியர் காலத்திலிருந்து மொசைக்காரர் கைவிடாத பழக்கம் இது. புள்ளியைச் சுற்றிக் கோல இழை வளைவதுபோல அந்த வரிகள் உருவத்தைச் சுற்றி வளைய வேண்டும். பின்புலத்தைக் கண்டபடி உடைத்து நிரப்பினால் உருவமும் அதோடு கலைந்துவிடும். பனைக்கு இந்த முறை கேட்டுச் செய்ததுபோல இருக்கும். விசிறி ஓலையின் காம்பிலிருந்து துண்டுகளை ஆரமாக, வெளியே போகப் போக அகலமாக வெட்டி வையுங்கள்.

பாலம் வரைந்தால் எந்தப் பாலம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் ஷெர்சர் தூக்கில் இரண்டு இறக்கைகள் இரு பக்கமாக மேலே மடங்கின. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி ஒன்று முழுசாக, கிடைமட்டமாகவே மேலே ஏறும். இரண்டையும் கலந்து வரைந்தால் இந்த ஊர் ஆட்கள் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள்.

பலகைத்தச்சன்:

சுவரைச் சரிசெய்வது பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு உப்பு ஏறிய சுவரில் நேராக ஒட்டுவதே எனக்கு ஏற்பில்லை. சிலேன் போட்டாலும் ஏற்கனவே செங்கலுக்குள் இருக்கும் உப்பு எங்கும் போகாது. தனிப் பலகையில் செய்து, சுவரிலிருந்து 20 மி.மீ. இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். சுவர் தன் பாட்டுக்குக் காயும், பூக்கும். சித்திரத்துக்கு அதோடு ஒட்டே இல்லை.

பலகை 12 மி.மீ. ஃபைபர் சிமெண்ட் போர்டு, அதிக அடர்த்தி வகை. 60க்கு 120 செ.மீ. அளவில் நிறுத்தி வைத்தால் எட்டுப் பலகை உங்கள் 4.8 மீட்டருக்குச் சரியாக வரும். பிளைவுட், மரைன் பிளை உட்பட, வேண்டாம். ஈரத்தில் உப்பி ஓட்டைத் தள்ளும். போர்டிலும் ஒரு பக்கம் மட்டும் ஓடு ஏற்றினால் வில்போல வளையும். அதனால் பின்பக்கமும் 2 மி.மீ. பசை பூசி, வெட்டிய விளிம்பு நாலையும் பிரைமரால் அடையுங்கள். ஓடு, பசை, க்ரௌட் எல்லாம் சேர்ந்து ஒரு பலகை சுமார் 30 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம்.

பலகைக்கு ஆறு திருகு. திருகும் வாஷரும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 316 தரம். 304 இந்தக் காற்றில் புள்ளி புள்ளியாகத் துருவேறும். சாதா இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும், ஓட்டைப் பிளக்க அதுவே போதும். பாம்பன் புதுப் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் பெயிண்டும் போட வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் விரியும் ஆங்கர் போல்ட் வேண்டாம், உப்பு தின்ற செங்கல் வெடிக்கும். நைலான் உறையோடு கூடிய நீளத் திருகை, கலவை வரியில் விடாமல் செங்கலின் நடுவில், 7 செ.மீ.க்குக் குறையாமல் இறக்குங்கள். பொரிந்த செங்கல் என்றால் அந்தத் துளைக்குக் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள் பசை செலுத்தித் திருகைப் பிடிக்கவைப்பது. 20 மி.மீ. இடைவெளிக்குத் தடித்த நைலான் வளையம். மேலும் கீழும் திறந்தே இருக்கட்டும், ஆனால் எஸ்.எஸ். வலை அடியுங்கள். இல்லையென்றால் குளவி கூடு கட்டும், உட்காருகிறவர்களுக்கு அது ஆபத்து.

திருகுத் தலை வரும் இடத்தில் 4 செ.மீ. வட்டம் ஓடு பதிக்காமல் விட்டு, மாட்டிய பிறகு அந்தத் துண்டுகளை மட்டும் சிலிக்கானில் ஒட்டுங்கள். பின்னாளில் அதைப் பெயர்த்தால் பலகை கழன்று வரும்.

கழற்ற முடிவது ஏன் முக்கியம் என்றால், பஸ் நிறுத்தமும் ரயில் நிலையமும் இடிபட்டே தீரும். லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில் எட்வர்டோ பாவ்லோட்சி 1980களில் செய்த மொசைக் உலகறிந்த வேலை. நிலையத்தைப் பெரிதாக்கியபோது பெரும்பகுதியைக் காப்பாற்றினார்கள். ஆனால் எஸ்கலேட்டருக்கு மேல் வளைவில் ஒட்டியிருந்தது உடைந்தே வெளியே வந்தது, அந்தத் துண்டுகள் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்கேயே அப்படி என்றால், நம் சாலையோர நிழற்குடையின் ஆயுள் என்ன?

காறைப்பூச்சு:

பலகை முறை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் 316 திருகு, போர்டு, கெமிக்கல் ஆங்கர் என்று செலவு ஏறும். புயல் காலத்தில் ஒரு பலகை கழன்றால் 30 கிலோ எடை ஆள்மேல் விழும். அதனால் சுவர் வேலையை விட்டுவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். திருகு பிடிக்கும் செங்கல் உறுதியாக இருந்தால்தான் பலகையே. முதலில் தட்டிப் பாருங்கள். மேல் பாதியில் சத்தம் நன்றாக இருந்து, கீழ்ப் பாதி மட்டும் பொள்ளல் என்றால் பலகை. சுவர் முழுக்கப் பொள்ளல் என்றால் இரண்டுமே வேண்டாம், சுவரையே மாற்றச் சொல்லுங்கள்.

சாலைப்பக்கம்:

சித்திரம் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, இடம் பற்றி மட்டும் சொல்கிறேன். நிழற்குடை ஊராட்சியோ ஒன்றியமோ கட்டியதாக இருக்கும், நிலம் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். இரண்டு பக்கமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். சாலை விரிவாக்கத் திட்டம் இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். இடிக்க நேர்ந்தால் பலகைகளை யார் கழற்றி எங்கே வைப்பது என்ற ஒரு வரியும் கடிதத்தில் இருக்கட்டும்.

இரவில் வரும் வண்டியின் ஹெட்லைட் வழவழப்பான ஓட்டில் பட்டு டிரைவர் கண்ணில் அடிக்கும். சாலையைப் பார்த்த பெரிய பரப்புக்கு மேட் ஓடு போடுங்கள், பளபளப்பை உருவத்துக்குள் மட்டும் வையுங்கள்.

ஊர்ப் பெயரையும் மொசைக்கில் எழுதினால் எழுத்து உயரம் 25 செ.மீ. வேண்டும். 30 மீட்டரிலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம். ண, ஞ, னை போன்றவற்றில் சுழி அடைபடும், அங்கே 10 மி.மீ. துண்டு வெட்டிப் போடுங்கள். புள்ளியை விட்டுவிடாதீர்கள், மெய்யெழுத்தின் புள்ளிக்கு வட்டத் துண்டு ஒன்று முழுசாக வேண்டும்.

தொண்டிக்கரை:

மிக்க நன்றி எல்லாருக்கும். தட்டிப் பார்த்தோம், சித்திரம் வரும் உயரத்தில் மேல் முக்கால் பாகம் உறுதியாக இருக்கிறது. கீழேதான் பொள்ளல். பொள்ளல் பகுதியைக் கொத்தி மறுபூச்சு போட்டுவிட்டுப் பலகை முறைக்கே போகிறோம். புதுப் பாலமும் ஆவுளியாவும் வரைபடம். இனி பதிக்கும் முறையும் அளவும் சொல்லுங்கள். பிள்ளைகள் காக்கித்தாளில் மைதா பசை போட்டுத் தலைகீழாக ஒட்டும் முறையைப் பார்த்திருக்கிறார்கள், அதையே கேட்கிறார்கள்.

சில்லுச்சித்திரம்:

காக்கித்தாள் முறை பெரிய ஸ்டூடியோக்களில் இன்றும் நடப்பதுதான். ஆனால் உங்களுக்கு வேண்டாம். படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகும், பிள்ளைகள் குழம்புவார்கள், ஊர்ப் பெயரும் இடம் வலமாகத் திரும்பிவிடும். கடற்காற்று ஈரத்தில் மைதா பசை இளகித் துண்டு நகரும், இரவில் கரப்பான் தின்னும். மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது, ஆனால் அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

வலையில் வெள்ளைப் பசையால் ஒட்டுவதும் வெளிவேலைக்கு ஆகாது. காய்ந்த பின்னும் ஈரம் பட்டால் அந்தப் பசை இளகும். வலைக்கண்ணை அது அடைத்துவிடுவதால் சிமெண்ட் பசை ஓட்டின் முதுகைத் தொடவே முடியாது.

ஒட்டும் பிலிம் முறைக்குப் போங்கள். உண்மை அளவு வரைபடத்தை மேசையில் விரித்து, மேலே மெல்லிய பாலிதீன் போட்டு, துண்டுகளை முகம் மேலாக, பசையே இல்லாமல் அடுக்குங்கள். பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம், அதுதான் பிள்ளைகளுக்கு நல்லது. ஒரு பகுதி முடிந்ததும் தூசி துடைத்து, மேலே ஒளிபுகும் ஒட்டும் பிலிமை 40 செ.மீ. சதுரத்துக்கு மிகாமல் ஒட்டி, துணி உருண்டையால் அழுத்துங்கள். சொரசொரப்பான மேட் ஓட்டில் பிலிம் சரியாகப் பிடிக்காது, அங்கே இரண்டு அடுக்கு. பிலிமை நேர்க்கோட்டில் வெட்டாமல் துண்டு வரிகளோடு வளைத்து வெட்டினால் இணைப்பு தெரியாது. ஒவ்வொரு பிலிமிலும் எண்ணும் மேல்நோக்கிய அம்பும் குறியுங்கள்.

வெட்டும் வேலை பெரியவர்களுக்கு. விட்ரிஃபைடைச் சாதாரண நிப்பரால் (ஓடு நறுக்கும் குறடு) முழு ஓட்டிலிருந்து வெட்ட முடியாது, கை வலிதான் மிஞ்சும். கட்டிங் மெஷினில் தண்ணீர் விட்டு 20 மி.மீ. பட்டையாக அறுத்துக்கொண்டு, பட்டையைச் சக்கர நிப்பரால் நறுக்குங்கள். உலர அறுத்தால் எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வெட்டிய விளிம்பை எல்லாம் கார்போரண்டம் கல்லில் ஒருமுறை உரசுங்கள். முதுகு சாயும் சுவர் இது, ஒரு கூர்முனைகூட நிற்கக் கூடாது.

பலகையைப் படுக்கவைத்துப் பதிப்பதால் ஓடு வழுக்காது. பசை சி2டிஇ எஸ்1 தரம் (கொஞ்சம் வளைந்துகொடுக்கும் சிமெண்ட் பசை வகை), வெள்ளை. 20 கிலோ மூட்டைக்குப் பையில் எழுதிய அளவு குடிநீர், கண்ணளவு வேண்டாம். கலந்து ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்குங்கள். 6 மி.மீ. பல்கரணையால் இழுத்து, கண்ணாடி வரும் இடத்தில் அந்த வரியைத் தட்டையாக்கி, பிலிமைக் கிடத்தி, ரப்பர் பலகையால் தட்டுங்கள். பையில் அரை மணி நேரம் என்று போட்டிருந்தாலும், வெயிலும் காற்றும் பட்டால் பத்து நிமிடத்தில் மேலே ஆடை கட்டும். விரலால் தொட்டுப் பாருங்கள், பசை விரலில் ஒட்டாவிட்டால் சுரண்டிப் போட்டுப் புதிதாகத் தடவுங்கள். ஆடை கட்டிய பசைமேல் வைத்த ஓடுதான் பின்னால் முதலில் உதிர்வது. நிழலில், காலை ஒன்பது மணிக்குள் பதிப்பது நல்லது. ஆனி, ஆடிக் கச்சான் காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை வாடை மழையிலும் வேண்டாம். தை முதல் பங்குனி வரை தோதான காலம். ராத்திரி வெளியில் கிடந்த பலகைமேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப்படலம் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்த பிறகே பசை.

மறுநாள் பிலிமை ஓரத்திலிருந்து தாழ்வாக மடக்கி உரியுங்கள். மேலே நேராக இழுத்தால் துண்டும் கூட வரும்.

அளவு: சித்திரப் பரப்பு 5.76 சதுர மீட்டர். 20 மி.மீ. துண்டு, 3 மி.மீ. இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 1,890 துண்டு, மொத்தம் ஏறத்தாழ 10,900. இடைவெளி போக ஓட்டுப் பரப்பு 4.4 சதுர மீட்டர்தான். ஆனால் வெட்டுச் சேதம் 30 சதவீதம் போகும், ஆகவே 5.7 சதுர மீட்டர் ஓடு வாங்குங்கள், சுமார் 105 கிலோ. பசை முன்பக்கம் 29 கிலோ, பின்பக்கப் பூச்சு 18 கிலோ. 20 கிலோ மூட்டை மூன்று வாங்கினால் கண்ணாடிக்குக் கீழே ஏற்றவும் மிச்சம் இருக்கும். க்ரௌட் 8 மி.மீ. ஆழத்துக்கு 22 கிலோ வரும், 25 கிலோ வாங்குங்கள். ஒரே தயாரிப்பு எண் உள்ள பையாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நிறம் மாறும். ஆட்கூலிக்கு: உருவப் பகுதியில் பழகிய கை ஒரு நாளில் ஒரு சதுர அடி, பின்புலத்தில் இரண்டு மூன்று சதுர அடி அடுக்கும். உங்கள் 62 சதுர அடியில் கால் பங்கு உருவம் என்றால் சுமார் 35 ஆள் நாள்.

க்ரௌட் நிறம் நடுத்தரச் சாம்பல். வெள்ளை க்ரௌட் எல்லா நிறத்தையும் வெளுக்கச் செய்யும், மழைக்காலத்தில் அதில் பச்சைப் பாசி தெரியும். எபாக்ஸி (பிசின்) க்ரௌட் வேண்டாம், காலை வெயிலில் மஞ்சளாகும். தண்ணீர் தள்ளும் சிமெண்ட் க்ரௌட் போதும். ரப்பர் கரணையால் மூலைவாட்டில் இழுத்து நிரப்பி, இருபது நிமிடத்தில் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். தண்ணீர் வழிய வழியத் துடைத்தால் க்ரௌட்டின் மேல்பகுதி பலமிழக்கும். ஒரு நாள் பாலிதீன் மூடிவைக்கவும். கொத்தனார் ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்பார், விடாதீர்கள். கடைகளில் விற்கும் அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் க்ரௌட்டைத் தின்பதோடு குளோரைடையும் உள்ளே விட்டுவிடும். சிமெண்ட் படலம் நின்றால் சல்ஃபாமிக் அமிலம் லிட்டருக்கு 50 கிராம், முதலில் சுவரை நனைத்துவிட்டு, தேய்த்த உடனே நிறைய நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

பலகைக்கும் பலகைக்கும் 5 மி.மீ. விட்டு, க்ரௌட் நிறத்து பி.யு. சீலண்ட் (ரப்பர்போல வளைந்துகொடுக்கும் பாலியூரித்தேன்) நிரப்புங்கள், அங்கே க்ரௌட் போட்டால் வெடிக்கும். அறுபது செ.மீ.க்கு ஒருமுறை வரும் அந்த நேர்க்கோட்டை மறைக்க உங்கள் வரைபடமே வழி தருகிறது. புதுப் பாலத்தின் தூண்கள், தூக்கும் பகுதி தவிர, சம இடைவெளியில் நிற்பவை, நடு இணைப்பு தவிர மற்ற ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தூணின் விளிம்பை வைத்துவிடுங்கள். தூக்கும் பகுதி நடு இரண்டு பலகையில் வரட்டும், அதைத் தவிர ஆவுளியாவின் உடல் மட்டும் இணைப்பைத் தாண்டிப் போகலாம். கண் அதன் முதுகு வளைவைப் பின்தொடரும்.

திண்ணையிலிருந்து 65 முதல் 85 செ.மீ. உயரத்தில்தான் உட்கார்ந்தவர் தலை படும். தேங்காய் எண்ணெய் க்ரௌட்டில் இறங்கி ஒரு கறைப் பட்டையே வந்துவிடும். அந்த உயரத்தில் கருமையான துண்டு, 2 மி.மீ. இடைவெளி. க்ரௌட் போட்டு நாலு வாரம் கழித்து உள்ளே இறங்கும் சிலேன் சீலர் ஒரு கை, வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டைக்கு மட்டும் இன்னொரு கை. வார்னிஷ் மாதிரி மேலே படலம் கட்டுவதைப் பூசாதீர்கள், உரிந்து அசிங்கமாகும். போஸ்டர் ஒட்டினால் ஈரத்துணி போட்டு ஊறவைத்து உரித்தால் வந்துவிடும், இரும்புச் சுரண்டி வேண்டாம்.

ஒவ்வொரு நிறத்திலும் நூறு துண்டும் இரண்டு கிலோ க்ரௌட்டும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். டப்பாவில் ஓட்டின் பெயரும் க்ரௌட்டின் நிற எண்ணும் எழுதியிருக்க வேண்டும்.

பலகைத்தச்சன்:

தூண் யோசனை அருமை. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன்: மாட்டும்போது நடு இரண்டு பலகையிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போங்கள். சுவர் 4.8 என்று அளந்திருந்தாலும் பூச்சில் ஒரு செ.மீ. கூடக் குறைய இருக்கும், ஏழு இணைப்புக்கு 5 மி.மீ. என்றால் அதுவே 35 மி.மீ. எடுக்கும். அதனால் பலகையை 60க்குப் பதில் 59.5 செ.மீ. அகலமாக வெட்டுங்கள், மிச்சம் 5 மி.மீ. இரண்டு ஓரத்துக்கும் பிரியும். பக்கச் சுவர் நெருக்கமாக இருந்தால் 59.4 ஆக்கிக்கொள்ளுங்கள். வரைபடம் வரையும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும், துண்டு அடுக்கிய பிறகு பலகையை அறுக்க முடியாது. முதல் வாடை மழை முடிந்ததும் ஒவ்வொரு திருகுப் புள்ளியையும் சுற்றிக் கரணைப் பிடியால் தட்டிப் பாருங்கள். சத்தம் மாறிய இடத்தில் சிலிக்கான் துண்டுகளைப் பெயர்த்துத் திருகை மறுபடி முடுக்கலாம்.